சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும்

அதியமான்கோட்டையிலிருந்து பெங்களூர் மூன்று மணி நேரம் கூட இல்லை. எங்கள் பக்கத்துத் தக்காளி போகிறது, சாமந்தி போகிறது. படித்த பிள்ளைகள் திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறிப் போய் வெள்ளிக்கிழமை துணி மூட்டையோடு திரும்புகிறார்கள். என் கணவர் மட்டும் போகமாட்டார். நெடுஞ்சாலை ஓரம் எடை மேடை ஒன்றில் வேலை அவருக்கு. லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தச் சொல்லி, எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பெங்களூர் போகிற லாரிகளை அனுப்பிவைக்கிற மனுஷன், பதின்மூன்று வருஷமாக ஓசூரைத் தாண்டியதில்லை.

கேட்டால், "அங்க என்னா இருக்குது, புகையும் கூட்டமும்," என்பார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. போன மாதம் வரை எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சை ஆரம்பித்து வைத்தது என்னோடு வேலை செய்கிற சின்னப் பெண். நான் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிசல்ட்டில் கையெழுத்துப் போடுவது, இருபது வருஷத்துக்கு மேலாக இதே பிழைப்பு. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். புருஷனோடு சனி, ஞாயிறு பெங்களூர் போய் வந்து, போனில் இருநூறு போட்டோ காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. "நீங்களும் அண்ணனும் ஒரு தடவ போய்ட்டு வாங்கக்கா. பாப்பாவ மாமியார்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரு மட்டும்," என்றாள். எங்களுக்கெல்லாம் எதற்கு இந்த வேஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆனால் ஆசை வந்துவிட்டது. எனக்கு ஊர் சுற்றவோ துணி வாங்கவோ ஆசை இல்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். தெரியாத ஊரில், தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். பக்கத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அவரிடம் கேட்டது கூட, எப்படியும் நடக்காது என்ற தைரியத்தில்தான். இதற்கு முன் இரண்டு முறை பேச்சு எடுத்து இரண்டு முறையும் நின்றுபோயிருக்கிறது. ஒரு தடவை எடை மேடையில் ஏதோ பழுது என்று லீவு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எல்லாம் முடிவாகி, வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் சளிக்காய்ச்சல். ஆனால் அன்று லேபில் என் ரத்தத்தை நானே மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏன் அப்படிப் பயந்தேன் என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, போலாம். சனிக்கிழம காலைல போய்ட்டு ஞாயித்துக்கிழம சாயந்தரம் வந்துடலாம்," என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை என்று காதில் விழுந்ததும் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "மூத்தவகிட்ட சொல்லிட்டியா?" என்றார் என்னிடம்.

மூத்தவள் என்றால் என் கணவரின் முதல் மனைவி. நான் இரண்டாவதாக வந்தவள். எங்கள் பக்கம் பெண்டாட்டி இறந்தவருக்கு வாழ்க்கைப்படுகிறவள் கழுத்தில் தாலியோடு சேர்த்துச் சின்னதாக ஒரு பொன் பொட்டைக் கோர்ப்பார்கள். மூத்தாள் பொட்டு என்று பெயர். அது செத்துப்போனவளுக்கான இடம். அவளை ஒதுக்கிவிட்டு நான் வாழவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதோடு சில கட்டுப்பாடுகளும் உண்டு. புதுப்புடவை எடுத்தால் முதலில் அவள் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் நான் கட்ட வேண்டும். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். வெளியூரில் தங்குவதானால் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வாள், காரியம் நடக்காது என்பார் மாமியார்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்க்கிற வேலை செய்துகொண்டு மூத்தாள் கோபத்தை நம்புவதா என்று முதல் வருஷம் எனக்குள் சிரித்திருக்கிறேன். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு புடவையைக்கூட அவளுக்கு வைக்காமல் கட்டியதில்லை. மகள் பிறந்ததை, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததை, நான் லேப் மாறியதை, எல்லாவற்றையும் படத்துக்கு முன் நின்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் முன் என்னால் சொல்ல முடிந்ததில்லை. முன்பு இரண்டு தடவை பயணம் போட்டபோதும் சொல்லவில்லை. அந்தச் சொல் பெங்களூர்.

ஏனென்றால் அவளை எனக்கு முன்பே தெரியும். மொத்தம் பத்து நிமிஷம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த வேறொரு லேபில் வேலை பார்த்தேன். அந்த வருஷம் ஊர் முழுக்கக் காய்ச்சல். படிக்கட்டு வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் தனியாக மேலே ஏறி வந்தாள். வண்டி நிறுத்த இடமில்லாததால் புருஷன் கீழே தெருவிலேயே நிற்பதாகச் சொன்னாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. நான் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமாம்மா?"

"என்னங்க்கா விசேஷம்?" என்றேன். என்னைவிட நாலு வயது சின்னவளாகத்தான் இருப்பாள். கை நீட்டுகிற எல்லாப் பெண்களும் எனக்கு அக்காதான், தொழில் பழக்கம்.

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. நானும் எங்க வூட்டுக்காரரும் பெங்களூர் போறோம். ரெண்டு நாளு. கல்யாணமாயி ஆறு வருசத்துல ரெண்டு பேரு மட்டும்னு எங்கியும் போனதில்ல. இப்பதான் மனசு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு. அதுக்குள்ள இந்தக் காச்சல்."

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னேன். "சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்க்கா. நல்லா போய்ட்டு வாங்க."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. பஞ்சை மடித்த கையில் இடுக்கிக்கொண்டு, "உன் வாய்க்குச் சக்கர போடணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ரத்தத்தை மெஷினில் ஓட்டாமலே சொன்ன வார்த்தை அது. குழந்தைகளிடம் வலிக்காது என்று சொல்வோமே, அந்தக் கணக்கில் சொன்னது. சாயந்தரம் ரிசல்ட் வந்தபோது பிளேட்லெட் இறங்கியிருந்தது. பயப்படுகிற அளவு இல்லை, ஆனால் இறங்குமுகம். அந்த முகம் ஞாபகம் வந்தது. கவரின் மேல் போன் நம்பர் எழுதியிருந்தது. கூப்பிட்டு, நான் சும்மா சொன்னேங்க்கா, பெங்களூரெல்லாம் வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல்லியிருக்கலாம். மேஜையில் இன்னும் அறுபது ட்யூப் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து, கீழே கவுண்டருக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவள் இருந்தாள். சனிக்கிழமை இறந்திருந்தாள்.

அதற்கப்புறம் அந்த லேபில் என்னால் இருக்க முடியவில்லை. சம்பளம் போதவில்லை என்று வீட்டில் பொய் சொல்லி வேறு லேபுக்கு மாறினேன். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று ஜாதகங்கள் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம். முப்பத்து மூன்று வயதானபோது ஒரு வரன் வந்தது. அதியமான்கோட்டை, எடை மேடையில் வேலை, முதல் மனைவி காய்ச்சலில் தவறிவிட்டாள், பிள்ளை இல்லை. சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். காய்ச்சலில் செத்தவர்கள் அந்த வருஷம் எத்தனையோ பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மனைவியின் போட்டோவைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் வலது காலை வைத்து விளக்கேற்றிய கையோடு, மாமியார் என்னை உள் அறைக்குக் கூட்டிப் போனார். மூத்தவளைக் கும்பிட்டுவிட்டுப் பொட்டைக் கோர்க்க வேண்டும். சுவரில் மாலை போட்ட படம். அதே முகம், அதே மலர்ச்சி. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். புதுப்பெண் கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். "அக்கான்னு கூப்புடு," என்றார் மாமியார். கூப்பிட்டேன். அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே பழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். கதவு தட்டுவது, நிழல் தெரிவது போன்ற கதையெல்லாம் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் பூசாரியைக் கூப்பிட்டு முடித்திருக்கலாம். நான் குனிந்து பெருக்கும்போது பொட்டு முன்னால் ஆடும். தலை குளிக்கும்போது கையில் படும். தினமும் யாராவது ஒருத்தர் என்னிடம் கை நீட்டி, சரியாயிடுமாங்க என்று கேட்பார்கள். ரிசல்ட் வரட்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்வதில்லை. ரொம்பக் கடுசு இந்த அக்கா என்று லேபில் எனக்குப் பெயர்.

இப்போது பெங்களூர்ப் பேச்சுக்கு வருகிறேன்.

அவர் ஒத்துக்கொண்டதும் வேலைகள் மளமளவென்று நடந்தன. சின்னப் பெண் போனிலேயே ரூம் போட்டுக் கொடுத்தாள். இரட்டைக் கட்டில், மூன்றாவது மாடி, மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். மகளுக்குப் பாட்டியோடு இரண்டு நாள் இருப்பதில் ஏக சந்தோஷம், கேள்வி கேட்க ஆளிருக்காதே. அவருக்குப் புது செருப்பு வாங்கினோம். மாமியார் மட்டும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், "சொல்லிட்டியா?" என்பார். "சொல்றேங்கத்தே," என்பேன். படத்துக்கு முன் போய் நிற்பேன். வாய் வராது. திரும்பி வந்துவிடுவேன்.

புதன்கிழமை காலை பை வேண்டும் என்று பேச்சு வந்தது. வீட்டில் இருப்பதெல்லாம் கட்டைப்பை. ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"எதுக்கு? மேல ஒண்ணு இருக்குது," என்றார் அவர்.

ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஃபேன், பித்தளை அண்டா எல்லாவற்றையும் தள்ளி, அட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு மெரூன் கலர் பையை எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருஷமாக அந்த அட்டத்தை நான் ஒட்டடை அடிக்கிறேன், அந்தப் பையை இழுத்துப் பார்த்ததில்லை. கனமாக இருந்தது. ஜிப் துருப்பிடித்துப் பாதியில் நின்றது. அவரே உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவித் திறந்தார்.

அடுக்கி வைத்த பை. அவருடைய சட்டை இரண்டு, இப்போது அவருக்குச் சேராது. கடைச் சீட்டுகூடப் பிரிக்காத ஓர் எலுமிச்சைப் பச்சைப் புடவை. பவுடர் டப்பா, சீப்பு, காய்ச்சல் மாத்திரை அட்டை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

அவர் தாளை என்னிடம் நீட்டினார். குண்டு குண்டான எழுத்து. பாலத்து மேல ஓடற ரயில்ல இந்தக் கடைசிலிருந்து அந்தக் கடைசிக்குப் போகணும். லால்பாக். நகர்ற படிக்கட்டுல இவர ஏத்தணும், பயப்படுவாரு. கடைசியாக, கோடு போட்டு அடியில் தனியாக எழுதியிருந்தது: மத்தியானம் சாப்பிட்டு யாரும் எழுப்பாம தூங்கணும்.

நான் யாரிடமும் சொல்லாத ஆசை அது. என் ஆசையை எனக்கு முன்பே ஒருத்தி எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறாள்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

"டாக்டரு அட்மிட் ஆவச் சொன்னாரு. நானும் எவ்வளவோ சொன்னேன். கேக்கவே இல்ல. லேப்ல ஒரு பொண்ணு சொல்லிச்சாம், சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்னு. அதையே சொல்லிக்கிட்டிருந்தா. ரத்தம் எடுக்கறவங்களுக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமான்னா. காச்சலோட உக்காந்து இந்தப் பைய அடுக்குனா." புடவையின் மடிப்பை நீவினார். "அந்தப் பொண்ணு மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, ரெண்டு நாளு முன்னாடியே ஆஸ்பத்திரி போயிருப்போம்."

அவர் எழுந்து வேலைக்குப் போனார். நான் பையைக் காலி செய்தேன். அடியில், பக்கவாட்டு அறையில், மடித்து வைத்த ஒரு கவர் இருந்தது. என்ன என்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பழைய லேபின் கவர். பெங்களூரில் காய்ச்சல் வந்தால் அங்கே காட்டலாம் என்று கூடவே வைத்திருக்கிறாள். உள்ளே ரிசல்ட். கீழே என் கையெழுத்து. மகளின் ரேங்க் கார்டில் மாதாமாதம் நான் போடுகிறேனே, அதே கையெழுத்து, அதே சுழி.

அந்த ரிசல்ட் சீட்டு பதினோரு வருஷம் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு அடி நடந்தால் போதும். யாருக்கும் தெரியாது. ரூம் போட்டாயிற்று, சனிக்கிழமை போகலாம், மெட்ரோவில் ஏறலாம், தூங்கலாம். கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு லேபுக்குப் போனேன். அன்று முழுக்க அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, பக்கத்தில் அந்தப் பொட்டும். வீட்டுக்கு வந்தும் எரிக்கவில்லை. எரித்துவிட்டால் பெங்களூர் அறையில் நாங்கள் மூன்று பேராக இருப்போம், இரண்டு பேருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கும். அந்த மத்தியானத்தில் எனக்குத் தூக்கம் வராது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். வேலை இடத்துக்கு நான் போகிற வழக்கமில்லை. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னா, பாப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்லீங்க. இதப் பாருங்க," என்று கவரை நீட்டினேன். "பையில இருந்துச்சு."

பிரித்துப் படித்தார். அவள் பெயரைப் பார்த்ததும் உதடு அசைந்தது. கண் கீழே கையெழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கருங்கல் ஏற்றிய ஒரு லாரி மேடையில் ஏறி நின்றது. அவர் திரும்பி எடையைப் பார்த்தார். சீட்டு அடித்தார். "அண்ணே, இது போன வண்டியோடது," என்று டிரைவர் கத்தினான். மறுபடி அடித்தார். அவர் சீட்டுத் தப்பாக அடித்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

லாரி போனதும், "இது உன் கையெழுத்து," என்றார்.

"ஆமாங்க. அந்தப் பொண்ணு நாந்தான்." மேற்கொண்டு எவ்வளவோ சொல்ல நினைத்து வந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, அறுபது ட்யூப், போன் நம்பர். "சும்மா சொன்னேங்க. அவங்க அவ்வளவு ஆசையா கேட்டாங்க," என்பது மட்டும்தான் வந்தது. அழுகை வந்துவிட்டது.

அவர் ரிசல்ட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போ," என்றார்.

அன்று சாயந்தரம் வந்தார், குளித்தார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. இரண்டடி தூரத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நகர்ந்தேன், எடுத்துக் குடித்தார், அவ்வளவுதான். மாமியார் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னனே, மூத்தவகிட்ட சொல்லுன்னு," என்று முணுமுணுத்தார். எனக்கு மாமியார் மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவின் மேலும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. பத்து நிமிஷப் பழக்கத்துக்குப் பதினோரு வருஷம் கழுத்தில் சுமந்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று படத்தைப் பார்த்து மனதுக்குள் கேட்டேன். அவள் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் இருபத்தெட்டு வயதுதான்.

வெள்ளிக்கிழமை படுக்கப் போகும் முன் பயணத்துக்காகப் பையில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். ரூமை வேண்டாம் என்று சொல்லச் சின்னப் பெண்ணுக்குச் செய்தி அடித்தேன். அனுப்பாமல் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் உள் அறையில் விளக்கு வெளிச்சம் தெரிந்து எழுந்து போனேன். அவர் குளித்துத் தலை துவட்டாமல் நின்றுகொண்டிருந்தார். படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. தட்டில் எலுமிச்சைப் பச்சைப் புடவை, அதன் மேல் நாலு கனகாம்பரம், பக்கத்தில் அந்தத் தாள். மூத்தாளுக்குப் புடவை வைப்பது இளையவள் வேலை. எங்கள் பக்கம் ஆண்கள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. காலடியில் மெரூன் பை, ஜிப் மூடி, தயாராக இருந்தது. பீரோவிலிருந்து என் துணிகளைத் தானே எடுத்து அடுக்கியிருக்கிறார்.

என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இங்க வந்து நில்லு. அன்னிக்கு அவகிட்ட என்னா சொன்னே?"

"உங்களுக்குத் தெரியுமேங்க."

"அவகிட்ட சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

எனக்குத் தண்டனை கொடுக்கிறாரா, வேறு எதையாவது கொடுக்கிறாரா என்று புரியவில்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று இன்று வரை நான் கேட்டதில்லை. அப்போது தெரிந்தது ஒன்றுதான், சொல்லாமல் அந்த அறையை விட்டு நான் வெளியே வர முடியாது. பொட்டை விரலால் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லு," என்றார். "அவளுக்குக் கேக்கட்டும்."

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்க்கா," என்றேன். "பெங்களூருக்கு நல்லா போய்ட்டு வாங்க."

விளக்குக்குப் பின்னால் அவள் முகம் அன்றைக்குப் போலவே மலர்ந்திருந்தது. அவர் புடவையை எடுத்து என் கையில் வைத்தார். அவளுக்கு வைத்ததை நான்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை. பிறகு பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னிக்கு சனிக்கிழம. கெளம்பு."

எங்களில் யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. புடவையைக் கட்டிக்கொள்ளப் போனேன்.